சாரதி சீற்றுக்கு வீட்டிலேயே குஷன் வேலை

சாரதி சீற் எப்போதும் ஒரே இடத்தில்தான் முதலில் போகும். வெளிப்பக்கம் தொடையைத் தாங்குகிற அந்த மேட்டில். எங்கள் ஊரில் ஸ்ரியறிங் வலப்பக்கம் என்பதால் அது வலது மேடு. ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பின் பாரம் முழுக்க அதில்தான் உரசிப் போகிறது. முதலில் தையல் வாய் திறக்கும். பிறகு ஸ்பொஞ் எட்டிப் பார்க்கும். அதையும் விட்டுவைத்தால் சீற்றுக்குக் கீழே மஞ்சள் தூள் கொட்டத் தொடங்கும்.

இங்கே எடுத்துக்கொண்டது 1990களின் கொறொல்லா ஒன்றின் சாரதி சீற். துணிக் கவரைக் கழற்றி றெக்சின் (செயற்கைத் தோல்) கவர் தைத்துப் போடுவதுதான் வேலை. கழற்ற முக்கால் மணித்தியாலம், பழைய கவரைப் பிரிக்க மூன்று, ஸ்பொஞ்சும் கம்பியும் சரிசெய்ய அரைநாள், வெட்ட இரண்டு, தைக்க ஆறு, இழுத்துப் போட இரண்டரை. முதல் சீற்றுக்கு இவ்வளவு வேண்டும். இரண்டாவது சீற் இதில் பாதி நேரத்தில் முடியும்.

குஷன் வேலை என்றதும் எல்லாரும் தையலைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். தையல் இதில் மூன்றில் ஒரு பங்குதான். அளவு பழைய கவரில் இருக்கிறது, இறுக்கம் ஸ்பொஞ்சில் இருக்கிறது. இந்த இரண்டையும் சரியாக எடுக்காவிட்டால், எவ்வளவு நேராகத் தைத்தாலும் சீற்றில் சுருக்கம் விழும்.

தொடங்கும் முன் ஒன்று. சீற்றின் தோள்பக்கத்தில் சிறு துணிச்சீட்டிலோ பிளாஸ்ரிக் தகட்டிலோ எயார்பாக் என்று எழுதியிருந்தால் அந்த முதுகுப்பகுதியை வீட்டில் தொடவேண்டாம். அந்தப் பக்கத் தையல், பை விரியும்போது கிழிந்து வழிவிடுவதற்கென்றே தனி நூலில் போடப்படுவது. அங்கே பலமான நூலால் தைத்தாலோ மேலால் இன்னொரு கவர் போட்டாலோ, பை தவறான பக்கம் விரியும் அல்லது பிந்தி விரியும். யப்பானிலிருந்து வந்த புதிய சிறு கார்கள் பலவற்றில் இது உண்டு. சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறக் கொனெக்ரர் தெரிந்தால் பற்றறி வயரைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் அதில் கைவைக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

றெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. தலையணையோடு ஒரு முன் சீற்றுக்கு இரண்டு யார் (கெஜம்), பின் சீற் முழுவதற்கும் மூன்றரையிலிருந்து நாலு யார். முழுக் காருக்கு எட்டு யாரும், தையல் விளிம்பில் கயிறுபோல் ஓடுகிற பைப்பிங்குக்கும் பிழைக்கும் இன்னும் அரை யாரும். எல்லாவற்றையும் ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வெட்டுவியுங்கள். அதே நிறம் என்று சொல்லி அடுத்த மாதம் வாங்கினால், வெயிலில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.

கடையில் றெக்சினைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னல் துணி ஒட்டியிருந்தால் இழுபடும், வளைவுகளில் படியும். நெய்த துணி ஒட்டியது மேசைக்கும் கதிரைக்கும் சரி, கார் சீற்றின் வளைவுக்கு ஒத்துவராது. ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கூட இழுபடுகிறதோ அந்தப் பக்கம் சீற்றின் குறுக்காக வரவேண்டும். இதை மறந்து ஒரு துண்டை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டினால், போட்ட அன்று நன்றாயிருக்கும். இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் தொய்யும்.

நூல் பொலியெஸ்ரர், டெக்ஸ் 70 தடிப்பு. நைலோன் நூல் இழுவைக்குப் பலம்தான், ஆனால் வெயிலுக்குப் பொலியெஸ்ரர்தான் நின்றுபிடிக்கும். யாழ்ப்பாணத்தில் கார் நாள்முழுக்க வெளியில் நிற்பதை நினைத்துத் தெரிவுசெய்யுங்கள். வீட்டில் இருக்கிற பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். வியர்வையிலும் ஈரத்திலும் உக்கி, சீற் முழுக்கத் தையல் விடும். ஒரு சீற்றுக்கு மேல்நூலும் பொபின் நூலுமாகக் கிட்டத்தட்ட 80 மீற்றர் போகும். ஊசி 18ஆம் நம்பர், நாலைந்து வாங்கிவையுங்கள். தோலுக்கென்று விற்கிற, நுனி கத்திபோல் தட்டையான ஊசி றெக்சினைக் கீறிக்கொண்டு போகும். சாதாரணக் கூர் ஊசி போதும்.

மற்றவை: கால் அங்குலத் தடிப்பு ஸ்பொஞ் ஒரு யார், மேட்டைக் கட்ட ஒரு அங்குல ஸ்பொஞ் சிறு துண்டு, அதை ஒட்டுகிற மஞ்சள் பசை அரை லீற்றர், சாக்கு ஒன்று, கவரைக் கம்பியோடு பிடிக்கிற வாய்திறந்த சிறு கம்பி வளையங்கள் ஐம்பது, அவற்றை நெரிக்கும் குறடு. வளையம் கிடைக்காவிட்டால் நாலு அங்குலக் கேபிள் ரை போதும். கட்டுக்கம்பியை முறுக்கி விடுகிற வழக்கம் இருக்கிறது. அது துருப்பிடிக்கும், முறுக்கிய நுனி ஒருநாள் றெக்சினைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

கழற்றுதலும் பிரித்தலும்

முன் சீற் நாலு போல்ற்றில் நிற்கிறது, பெரும்பாலும் 14ஆம் நம்பர் சாவி. சீற்றை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி முன் இரண்டையும், முன்னுக்குத் தள்ளிப் பின் இரண்டையும் கழற்றவேண்டும். முதுகுப்பகுதியையும் இருக்கையையும் இணைக்கிற சரிவுப் பொறியில் பலமான சுருள் ஸ்பிறிங் இருக்கும். அதன் போல்ற்றுகளைக் கழற்றி இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் அந்தச் சுருளை மட்டும் அதன் கொக்கியிலிருந்து எடுக்கக்கூடாது. கையை அடிக்கும்.

கவரை எடுக்கும் முன் நாலு பக்கத்தாலும் படம் எடுங்கள். கவிழ்த்துவைத்து அடிப்பக்கத்தையும் எடுங்கள். எந்த வளையம் எந்தக் கம்பியில் நிற்கிறது என்பது பிறகு நினைவில் இராது.

கவரை உருவும்போது ஸ்பொஞ்சின் பள்ளங்களுக்குள் அது எங்கேயோ பிடித்துக்கொண்டு நிற்கும். பலாத்காரமாக இழுத்தால் ஸ்பொஞ் பிய்ந்து கவரோடு வரும். விரலை உள்ளே விட்டால், தையலுக்குப் பின்னால் ஒரு துணிக்குழலும் அதற்குள் ஒரு மெல்லிய கம்பியும் தட்டுப்படும். அந்தக் கம்பியை ஸ்பொஞ்சுக்குள் புதைந்த இன்னொரு கம்பியோடு வளையங்கள் பிடித்திருக்கும். இவைதான் சீற்றின் பள்ளக்கோடுகளை உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வளையத்தையும் குறட்டால் வெட்டி எடுங்கள். துணிக்குழல் கம்பிகளைக் கவனமாக உருவி, ‘இருக்கை இடது’, ‘இருக்கை நடு’ என்று கடதாசித் துண்டு கட்டி வையுங்கள். நீளம் சற்றே மாறினாலும் பள்ளம் கோணும்.

இனிப் பிரிப்பு. எந்தத் துண்டையும் வெட்டி எடுக்காதீர்கள். பிளேட் நுனியால் நூலை மட்டும் ஐந்து தையலுக்கு ஒன்றாக அறுத்து, இரண்டு துண்டையும் விரித்து இழுத்தால் பிரியும். பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் எண்ணும், எது மேல்பக்கம் என்ற அம்புக்குறியும் போடுங்கள். தையல் கோட்டுக்குக் குறுக்காக, இரண்டு துண்டிலும் சேர்ந்து விழும்படி நாலு அங்குலத்துக்கு ஒரு சிறு கோடும் போடுங்கள். பிரித்த பிறகு அந்தக் கோடுகள்தான் எது எதோடு சேரும் என்று சொல்லும். வளைவுகளில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று.

பிரித்த துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் பழைய ஊசித்துளைகள் ஒரு வரிசையாகத் தெரியும். அதுதான் உங்கள் தையல் கோடு. துணியின் விளிம்பு அளவல்ல. விளிம்பு நைந்து போயிருக்கலாம், தொழிற்சாலையிலேயே ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் வெட்டியிருக்கலாம். துளைவரிசையிலிருந்து அரை அங்குலம் வெளியே அடிமட்டத்தால் அளந்து புதிய விளிம்பைக் கீறுங்கள்.

இன்னொரு சிக்கல், சாரதி சீற்றின் வலது மேட்டுத் துண்டு வருடக்கணக்காக இழுபட்டுப் பெருத்திருக்கும். அதை அப்படியே பற்றனாக, அதாவது வெட்டும் மாதிரியாக எடுத்தால் புதிய கவரிலும் அந்தத் தொய்வு வரும். இடப்பக்கச் சீற்றின் இடது மேட்டுத் துண்டை எடுத்துக் கவிழ்த்துப்போட்டுக் கீறுங்கள். அது இதன் கண்ணாடி உருவம், தேய்வும் குறைவு. நடுத்துண்டை நெடுக்காக இரண்டாக மடித்து, நல்ல பாதியை வைத்து இரண்டு பக்கத்தையும் கீறுவது நல்லது.

றெக்சினின் பின்பக்கத்தில் தையல் சோக்கட்டியாலோ பென்சிலாலோ மட்டும் கீறுங்கள். பேனையால் கீறினால் மை உள்ளுக்குள் ஊறி, சில மாதத்தில் முன்பக்கத்தில் நீலக்கோடாகத் தெரியும். வெள்ளை, கிறீம் நிறங்களில் இது நிச்சயம். பிறகு எதைக்கொண்டு துடைத்தாலும் போகாது.

கம்பியும் ஸ்பொஞ்சும்

கவர் இல்லாத சீற்றைப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் ஓடுகிற கார்களில் உப்புக்காற்று உள்ளே புகுந்து, நெளிஸ்பிறிங் சட்டத்தில் கொழுவுகிற இடத்தில் துரு பொருக்காக நிற்கும். கம்பித்தூரிகையால் சுரண்டி, 80ஆம் நம்பர் அரத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கிற றெட் ஒக்சைட் ஒரு பூச்சு, காய்ந்ததும் எனாமல் ஒரு பூச்சு. ஸ்பிறிங்கின் நுனி கிளிப்புக்குள் அசைகிற இடத்தில் பழைய சீற்பெல்ற் துண்டொன்றைச் சுற்றிவிட்டால், குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் வரும் கிறீச் சத்தம் நிற்கும்.

மஞ்சள் தூள் கொட்டுவதற்குக் காரணம் ஸ்பிறிங்தான். வெறும் கம்பியில் ஸ்பொஞ் நேரே உட்கார்ந்தால் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் கம்பி அதை அறுக்கும். பழைய ஸ்பொஞ்சின் அடியைத் திருப்பினால் நெளிவு நெளிவாக வெட்டுக்கோடு தெரியும். தட்டித் தூசி போக்கிய சாக்கை இரட்டையாக மடித்து ஸ்பிறிங்குக்கு மேலே விரித்து, ஓரங்களைச் சட்டத்தோடு கட்டுங்கள். அதற்கு மேலே ஸ்பொஞ். இது செலவில்லாத வேலை, ஆனால் சீற்றின் ஆயுளை இதைப்போல் கூட்டுவது வேறில்லை.

ஸ்பொஞ்சை முழுதாக மாற்றவேண்டியது அரிது. அமுங்கிக் கிடக்கிற இடத்தில் ஈரத்துணியை விரித்து, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால் ஆவி உள்ளே போய்க் கொஞ்சம் எழும்பும். உடைந்த வலது மேட்டை மட்டும் நேராக வெட்டி எடுத்து, அந்த இடத்துக்குப் புதுத்துண்டு ஒட்டி, அரிவாள்போல் பல்லுள்ள பாண் வெட்டுகிற கத்தியால் உருவம் கொடுக்கலாம். கத்தியை அழுத்தாமல் நீளமாக இழுக்கவேண்டும். முடிவில் அரத்தாளால் மெதுவாக உரசினால் விளிம்பு மற்றதோடு கலந்துவிடும். புதுமேடு பழைய அளவைவிட அரை அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். கவர் எப்போதும் ஸ்பொஞ்சைவிட ஒரு கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் இறுக்கம் வரும். கவரைப் பெரிதாகத் தைத்துவிட்டு இழுத்துச் சரிப்படுத்தலாம் என்று நினைப்பதுதான் சுருக்கத்துக்கு வழி.

பசையை இரண்டு பக்கமும் பூசி, கைபட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் சேர்க்கவேண்டும். ஈரமாகச் சேர்த்தால் உள்ளே ஆவி அடைபட்டு ஒட்டு விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை செய்தால் பசையின் மேல் வெண்மை படியும், பிடிக்காது. சோளகம் வீசுகிற மாதங்களில் முற்றத்தில் பூசினால் மண்துகள் ஒட்டிக்கொள்ளும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். எந்தக் காலத்திலும் விறாந்தைபோல் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகியிருந்து பூசுங்கள். அந்தப் பசையின் ஆவி நெருப்புப் பிடிக்கும்.

தையல்

வீட்டில் கிடக்கிற பழைய கால்மிதி சிங்கர் மெஷின் இதற்குப் போதுமா என்பது முதற்கேள்வி. இரண்டு, மூன்று மடிப்பு றெக்சினை அது தைக்கும். பைப்பிங் சேர்ந்து நாலைந்து மடிப்பு வருகிற மூலையில் திணறும். அந்த இடத்தில் மிதியை விட்டுவிட்டுச் சில்லைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். ஊசி வளைந்தால் துணியைப் பின்னால் இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இழுக்கக்கூடாது, வழிகாட்ட மட்டும் வேண்டும்.

தையல் நீளம் நாலிலிருந்து ஐந்து மில்லிமீற்றர். சட்டைக்குத் தைப்பதுபோல் நெருக்கமாகத் தைத்தால், முத்திரைத் தாளில் துளைபோட்டதுபோல் ஆகி அந்தக் கோட்டிலேயே கிழியும். கழிவுத் துண்டு நாலை அடுக்கி முதலில் தைத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் முடிச்சுகள் தெரிந்தால் மேல்நூலை இறுக்கவேண்டும், மேலே தெரிந்தால் தளர்த்தவேண்டும். இரண்டு நூலும் மடிப்புகளுக்கு நடுவே பூட்டிக்கொள்கிற வரைக்கும் இதைச் செய்யுங்கள்.

மெஷினின் கால் றெக்சினில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். காலின் அடியில் சிறு துண்டு மாஸ்கிங் ரேப்பை ஒட்டி, ஊசிபோகத் துளை விடுங்கள். அல்லது மெல்லிய கடதாசியை மேலே வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். குண்டூசி எங்கேயும் குத்தவேண்டாம். றெக்சினில் விழுந்த துளை மறையாது. உடுப்புக் கிளிப்புகள் இருபது இருந்தால் முழுச் சீற்றையும் பிடித்துவிடலாம்.

ஒழுங்கு இப்படி: முதலில் நடுத்துண்டுக்குக் கால் அங்குல ஸ்பொஞ்சை ஒட்டி, மடிப்புக்கோடுகளைத் தையுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் கிட்டத்தட்ட எட்டில் ஒரு அங்குலம் உள்ளே போய்விடும். எட்டுக் கோட்டுக்கு ஒரு அங்குலம். அதனால் நடுத்துண்டைப் பெரிதாக வெட்டி, கோடுகளைத் தைத்த பிறகுதான் பற்றனை வைத்து அளவுக்கு வெட்டவேண்டும். பிறகு மேட்டுத் துண்டுகள், அந்தத் தையலோடு சேர்த்துக் கம்பி போகிற துணிக்குழல். கடைசியாக, ஓரத்தைச் சுற்றி வருகிற பக்கச்சுற்று.

பக்கச்சுற்றை ஒரு மூலையில் தொடங்கி ஒரே ஓட்டமாகச் சுற்றித் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் பற்கள் கீழ்த்துண்டை மேலதைவிட வேகமாக நகர்த்தும். சுற்றி வரும்போது அரை அங்குலம் பிசகி, கவர் முறுகிவிடும். முன்பக்க நடுவில் தொடங்கி வலது பக்கம் முடியும்வரை தையுங்கள், திரும்ப நடுவுக்கு வந்து இடப்பக்கம் தையுங்கள். முன்பு போட்ட சிறு கோடுகள் ஒவ்வொன்றும் நேருக்குநேர் சந்திக்கிறதா என்று நாலு அங்குலத்துக்கு ஒருதடவை பாருங்கள். ஒரு கோடு பிசகினால் அங்கேயே நின்று பிரித்துத் தைப்பது பத்து நிமிட வேலை. விட்டுவிட்டால் முழுக்கவரும் பிரிக்கவேண்டிவரும், இரண்டாந்தரம் தைக்கும்போது பழைய துளைகள் வாய் பிளந்து நிற்கும்.

வளைவுகளில் உள்விளிம்பை முக்கோணமாக வெட்டிவிடுங்கள், தையலுக்கு மூன்று மில்லிமீற்றர் தள்ளி. பாரம் விழுகிற தையல்களில் விளிம்பை ஒரு பக்கம் மடக்கி மேலால் இன்னொரு தையல் போட்டால் பார்வைக்கும் அழகு, பலமும் இரட்டிப்பு.

இழுத்துப் போடுதல்

யாழ்ப்பாண வெயில் இங்கேதான் உதவிக்கு வருகிறது. தைத்த கவரை உட்பக்கம் வெளியாகத் திருப்பி, பதினொரு மணிக்குப் பிறகு முற்றத்துச் சீமெந்தில் ஒரு மணித்தியாலம் போடுங்கள். காலையில் தகரம்போல் நின்ற றெக்சின் கையில் துணிபோல் குழையும். அந்தச் சூட்டோடு போட்டால், ஆறும்போது இறுகும்.

ஸ்பொஞ்சுக்கு மேல் மெல்லிய பொலித்தீன் பையொன்றை விரித்தால் கவர் வழுக்கிக்கொண்டு போகும். போட்ட பிறகு அந்தப் பொலித்தீனை ஓரத்தால் உருவி எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டால் வியர்வை அடைபடும், உட்காரும்போதெல்லாம் சரசரக்கும்.

பழைய கம்பிகளைப் புதிய துணிக்குழலுக்குள் விட்டு, நடுப்பள்ளத்தில் நடு வளையத்தை முதலில் பூட்டுங்கள். பிறகு அதற்கு இரு பக்கமும் ஒன்றுமாறி ஒன்று. வளையத்தின் இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்வரை குறட்டை நெரிக்கவேண்டும். நுனிகள் திறந்து நின்றால் பாரம் ஏறும்போது கழன்றுவிடும். பள்ளங்கள் முடிந்த பின்தான் ஓரங்கள். முன்பக்கத்தை இழுத்து இரண்டு வளையம், பின்பக்கம் இரண்டு, பக்கங்கள், பிறகு இடையில் நிரப்புதல். மேட்டுத் தையலின் உள்விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மாறி மடிந்திருந்தால் மேலே ஒரு சிறு கட்டி தெரியும்.

சிறு சுருக்கங்கள் நின்றால் பதறவேண்டாம். தலைமயிர் காயவைக்கிற கருவியால் ஆறு அங்குலத் தூரத்திலிருந்து சூடுகாட்டி, உள்ளங்கையால் விளிம்பை நோக்கித் தேய்த்தால் படியும். கையைப் பொறுக்கிற சூடுதான் அளவு. அதற்கு மேல் போனால் றெக்சினின் மேல்வரி உருகிப் பளபளக்கும். ஒரு கைப்பிடி அளவுக்குத் தொய்வு இருந்தால் சூடு உதவாது. அங்கே கவரைத் தூக்கிக் கால் அங்குல ஸ்பொஞ் ஒன்றை உள்ளே ஒட்டுவதுதான் வழி.

ஒஸ்ரினும் மொறிஸும்

இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களில் வேலையின் தன்மையே வேறு. உருவம் பிடித்த ஸ்பொஞ் அங்கே இல்லை. சுருள் ஸ்பிறிங்கோ றப்பர் தாங்கியோ, அதற்கு மேல் தும்போ மயிரோ திணித்த மெத்தை. இவற்றில் மெத்தையின் அடுக்கை நீங்களே கட்டவேண்டும்: ஸ்பிறிங், சாக்கு, தும்புப்பாய், மேலே ஒரு அங்குல ஸ்பொஞ். தும்பு என்றால் தென்னந்தும்பு. பனந்தும்பு தூரிகைக்கும் தும்புத்தடிக்கும்தான் உதவும், அந்த முரட்டுத்தனம் றெக்சினைக் குத்தித் துளைக்கும். குழல்குழலாக நிற்கிற பழைய மடிப்புகளை நிரப்ப இலவம்பஞ்சு நன்றாயிருக்கும், ஆனால் ஈரம் பட்டால் கட்டிபடும்.

1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அந்தப் பழக்கத்தில் துருவையும் அழுக்கையும் மண்ணெண்ணெயால் துடைக்கிறவர்கள் உண்டு. சீற்றில் அது வேண்டாம். றப்பர் தாங்கி ஊதி நெகிழும், மணம் தும்புக்குள் ஊறிக் கிடக்கும். தேங்காயெண்ணெய் பூசி மினுக்குவதும் றெக்சினுக்கு நல்லதல்ல. மெல்லிய சவர்க்காரத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

சீற்றைத் திரும்பக் காரில் பூட்டும்போது நாலு போல்ற்றையும் கையால் மட்டும் முடுக்குங்கள். சீற்றை முன்னும் பின்னும் இரண்டு தடவை முழுத்தூரம் ஓட்டி, இரு தண்டவாளமும் ஒன்றாகப் பூட்டுகிறதா என்று கேளுங்கள். இரண்டு ‘டக்’ சத்தம் ஒரே நேரத்தில் வரவேண்டும். அதற்குப் பிறகுதான் சாவியால் இறுக்கவேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொருதடவை சாவி போட்டுப் பாருங்கள்.